டிரைவர் பக்கக் கண்ணாடி

போன மாதம் மதுரையிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. மாதிரி ரயில்களைச் சேர்த்து வைக்கிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அனுப்பியது. உள்ளே ஒரு டீசல் எஞ்சின். ஒரு சாண் நீளம்கூட இல்லை. தொழிற்சாலையிலேயே அழுக்கேற்றி விற்பனைக்கு வந்த வகை. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பத்து வருஷம் ஓடிய எஞ்சினைப் போல இருக்கும். நீங்கள் கொடைக்கானலில் இந்த வேலையையே செய்து ஓய்வு பெற்றவர், நல்ல வேலைப்பாட்டை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று எங்கள் சிறு பத்திரிகைக்கு எழுதித் தாருங்கள் என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள்.

எஞ்சினை முதலில் தலைகீழாகத் திருப்பினேன். என் முதலாளி பழக்கிய பழக்கம். யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் வேலை எப்படி இருக்கிறதோ அதுதான் அந்தப் பட்டறை. பிறகு காதோரம் வைத்து மெதுவாக ஆட்டினேன். உள்ளே எதுவும் உருளவில்லை. கைப்பிடிக் கம்பிகளை நகத்தால் நெருடினேன். ஆடவில்லை. புகைக்குழாயைச் சுற்றிக் கரி, சக்கரக் கூட்டில் பிரேக் தூளின் பழுப்பு, எண்ணெய் நிரப்பும் வாய்க்குக் கீழே கறுப்பு வழிசல். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கடைசியில் முன்கண்ணாடிகளைப் பார்த்தேன். தூசியின் நடுவே வைப்பர் துடைத்த சுத்தமான அரைவட்டம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே அளவு.

அதைப் பார்த்தபடி காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

உண்மையான எஞ்சின் ஒன்றின் டிரைவர் பக்கக் கண்ணாடியை ஒரு நாள் காலையில் நான் கழுவினேன். அதனால் ஒருவருக்கு வேலை போயிற்று, பெயரும் கெட்டது. ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் கழித்து அதே எஞ்சினை ஓரடி நீளத்தில் செய்து அழுக்கேற்றும் வேலை என் கைக்கே வந்தது. அழுக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் கற்றதுதான். அதனால் அதையே எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். வீட்டில் யாரும் தேடவில்லை என்று தெரிந்த பிறகு திரும்பிப் போகவும் இல்லை. லாரி, செங்கல் சூளை, ஓட்டல் என்று சுற்றிவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் சமவெளியில் ஒரு டீசல் ஷெட்டில் தினக்கூலிக் கிளீனராகச் சேர்ந்தேன். மீட்டர்கேஜ் எஞ்சின்கள் வரும். கையில் ஒரு சுருட்டு பருத்திக் கழிவும் ஒரு வாளி டீசலும் கொடுப்பார்கள். எந்த எண்ணெய் எங்கே கசியும், எந்தக் கதவிடுக்கில் தூசி சேரும், ஏறும் கைகள் கம்பியில் எந்த உயரத்தில் பெயின்ட்டைத் தேய்க்கும் என்பதெல்லாம் துடைத்துத் துடைத்தே எனக்குத் தெரிந்தது. அது ஒரு நாள் சோறு போடும் என்று நினைத்ததில்லை.

டிரைவர் சவரிமுத்து அங்கே வருவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எஞ்சினைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்காமல் ஏற மாட்டார். ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் வெள்ளனே வந்தவர் வைப்பரை ஓட்டிப் பார்த்தார். எஞ்சினின் காற்றழுத்தத்தில் ஓடும் வைப்பர் அது. அசிஸ்டென்ட் டிரைவர் பக்கம் ஓடியது. அவர் பக்கம் அசையவில்லை. கீழே நின்ற சார்ஜ்மேனிடம் சொன்னார். அந்த நேரத்து வேலைக்கெல்லாம் பொறுப்பு சார்ஜ்மேன்தான்.

"எம் பக்கத்து வைப்பர் செத்துக் கெடக்கு. மாத்திக் குடுங்க."

"மழையா பெய்யுது இப்ப? போயிட்டு வாங்கண்ணே. சாயங்காலம் மாத்திருவோம்."

"அப்ப ரிப்பேர் புஸ்தகத்தக் குடுங்க. எழுதிட்டுப் போறேன்."

"புஸ்தகம் ஆபீஸ்ல கெடக்கு. ஆபீஸ் தெறக்கல. வண்டி நேரமாச்சுண்ணே, நான் பாத்துக்கிடுதேன்."

அவர் எழுதாமல் போனார். அன்று அவர் செய்த தவறு அது ஒன்றுதான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மழை வழியில் பிடித்தது. சிவப்பு விழுந்திருந்த சிக்னல் ஒன்றை அவர் பார்க்கவில்லை. அப்பால் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேன்கள் தங்கள் தள்ளு டிராலியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள்.

மறுநாள் எஞ்சினை ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். மழையும் செம்மண்ணும் முகமெல்லாம் அப்பியிருந்தன. அசிஸ்டென்ட் பக்கக் கண்ணாடியில் விசிறி விரித்த மாதிரி சுத்தமான அரைவட்டம். டிரைவர் பக்கக் கண்ணாடியில் மூலைக்கு மூலை சகதி. வைப்பர் பிளேடு அடியில் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பார்த்த எவருக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லி விளக்க வேண்டியதில்லை.

சார்ஜ்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே பாண்டி, கண்ணாடி ரெண்டையும் கழுவு. வெரசா. ஆபீசருங்க பத்து மணிக்கு வாராங்க."

"ரெண்டையுமா சார்?"

"ஒனக்கு என்ன சோலி குடுத்தாங்களோ அதச் செய்யி."

கழுவினேன். இரண்டு வாளித் தண்ணீர் பிடித்தது. நான் கழுவும்போதே ஃபிட்டர் ஒருவர் வேறொரு எஞ்சினிலிருந்து கழற்றிய வைப்பரை மாட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். வைப்பரை ஓட்டிப் பார்த்தார்கள், ஓடியது. போட்டோ எடுத்தார்கள். வைப்பர் ஓடவில்லை என்று சவரிமுத்து சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. சம்பவ நேரத்தில் எண்ணெய் பார்க்க எஞ்சின் பக்கம் போயிருந்தேன், வைப்பர் ஞாபகமில்லை என்று அசிஸ்டென்ட் சொல்லிவிட்டார். கவனக்குறைவு என்று தீர்ப்பாகி அவரை நீக்கினார்கள்.

கிளீனரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் அங்கிருந்து கிளம்பினேன். மலை ஏறினேன். ஆடலூரில் மிளகு பறித்தேன். தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்து ஜீப்பில், வளைவுகளில் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்கும் ஆளாக இருந்தேன். ஒரு மழையில் ஜீப் பள்ளத்தில் இறங்கி எனக்கு இடது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காமல் போயின. பேத்துப்பாறையில் பூண்டுக் காட்டுக்குக் கல்வரப்பு கட்டப் போனேன். இரண்டு மழைக்காலத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை.

கொடைக்கானல் பட்டறைக்கு நான் போனது பித்தளைத் தகட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு. ஒரு பழைய பங்களாவின் குதிரை லாயத்தில் பட்டறை. பதினோரு பேர் வேலை செய்தார்கள். வெளிநாட்டில் சேகரிப்பவர்களுக்காகப் பித்தளையில் எஞ்சின் மாதிரிகள் செய்து கப்பலில் அனுப்பினார்கள். எல்லாம் ஓரடி, ஒன்றேகாலடி நீளம். மேஜைமேல் முடிந்த எஞ்சின் ஒன்று நின்றது. கதவுகளுக்கு ஒவ்வொன்றிலும் மூன்று கீல். ரிவெட் தலைகள் கடுகைவிடச் சிறியவை, ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் அழுக்கு பூசியிருந்தார்கள். பெட்டியை இறக்கிவிட்டு வாயைச் சும்மா வைத்திருக்காமல் கேட்டேன்.

"இது ஓடாத வண்டியா சார்? பொகக்கொழாய் பக்கம் சுத்தமா இருக்கே. சக்கரம் துருப்பிடிச்சுக் கெடக்கே."

கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர்தான் எபனேசர் சார். மிஷன் பள்ளி ஒன்றில் உலோக வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றபின் அந்தப் பட்டறையைத் தொடங்கியவர்.

"ஓடற வண்டியில சக்கரம் எப்படி இருக்கும்?"

"தண்டவாளத்துல படற பட்டை வெள்ளி மாதிரி இருக்கும் சார். துரு தங்குறதுக்கு நேரமே இல்லயே."

"நாளைக்கு எட்டு மணிக்கு வா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அது எழுபத்தேழு அல்லது எட்டு.

எபனேசர் சார் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. நன்றாக இருந்தால் "ம்" என்பார். இல்லையென்றால் ஒரு கேள்வி. லென்ஸை இடுக்கிக்கொண்டு ஊசி முனையால் ஒரு கறையைத் தொட்டு, "இது எங்கேருந்து வந்துச்சு?" என்பார். அந்தக் கறை எஞ்சினின் எந்த இடத்தில் பிறந்து, எந்த வழியாக இறங்கி, ஏன் அங்கே நின்றது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்தைத் தின்னரால் கழுவ வேண்டும். என் முதல் எஞ்சினை அழகாக இருக்கிறது என்று நினைத்து மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கரி பூசிக் கொடுத்தேன். ஒன்பது கேள்வி கேட்டார். ஒன்பதுக்கும் பதில் இல்லை. முழு எஞ்சினையும் அவரே தின்னர் தட்டில் படுக்க வைத்துக் கழுவித் துடைத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெயின்ட்டின் பளபளப்பைக் கொல்ல வேண்டும், வெயில் அதைத்தான் முதலில் செய்யும். பிறகு கூரை ஓரத்திலிருந்து மழை வழிந்த கோடுகள். பிறகு தூசி. அதன்மேல் கரி. எண்ணெய் கடைசியில், ஏனென்றால் எண்ணெய் மட்டும்தான் நேற்று வழிந்தது, அது மின்ன வேண்டும். ஏணிப்படியில் கால் படும் விளிம்பையும் கம்பியில் கை படும் இடத்தையும் பித்தளை தெரியாமல், ஆனால் தெரியப்போகிற மாதிரி தேய்க்க வேண்டும். தூசிக்கு மலை மண் ஆகாது. அது கறுப்பு. ரயில் ஓடுவது அந்த மண்ணில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் கொடைரோடு ஸ்டேஷனுக்கு இறங்கி, தண்டவாளத்து ஓரத்து மண்ணை ஒரு பை அள்ளி வந்து, மல்துணியில் மூன்று தடவை சலிப்பேன். அதைத் தூவி மங்கலான வார்னிஷை மேலே புகையாக அடித்தால் நிற்கும். மலையில் மூடுபனி இறங்கினால் வார்னிஷ் வெளுத்துப் பூத்துவிடும். அதனால் கரியடுப்பு மூட்டி அறையை உலர்த்திய பிறகுதான் அடிப்போம். கண்ணாடிக்கு மட்டும் வார்னிஷ் இல்லை. செல்லுலாய்டு தாள் கெட்டுவிடும். அங்கே தூசியைப் பசைநீரில் கரைத்துப் பூசுவோம். ஈரம் பட்டால் போய்விடும் என்பதால் கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்போம்.

எனக்கு அடுத்த மேஜையில் செல்லம்மா அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். கைப்பிடிக் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைப்பது அவர் வேலை. பற்று வைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

"இந்தாப்பா, நான் மினுக்கி மினுக்கிக் குடுக்குறேன், நீ அதுல சகதிய பூசுறியே. கல்யாண வீட்டுக்கும் இப்பிடித்தான் போவியா?"

"கல்யாணத்துக்கு யாருக்கா என்னைக் கூப்பிடுறா?"

"அதுவும் சரிதான். எங்க லயத்துல கங்காணிகூட எப்பவாச்சும் ஒருவாட்டி சிரிப்பான். ஒனக்கும் சாருக்கும் அதுகூட வராது."

அதற்குள் ஏழு வருஷம் அங்கே நிலைத்துவிட்டேன். நான் ஓர் இடத்தில் தங்கியதே அதுதான் முதல் தடவை.

எண்பத்தைந்து வாக்கில் ஒரு நாள் மத்தியானம் ரோஸ் டீச்சர் வந்தார். ஊரில் ஒரு பள்ளியில் டீச்சர். எபனேசர் சாருக்குச் சர்ச்சில் பழக்கம். பழுப்பு உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அப்பா ஓட்டுன எஞ்சின், சார். ஃபாரினுக்குத்தான் அனுப்புவீங்கன்னு தெரியும். அப்பாவுக்காகக் கேக்குறேன். எங்கூட வந்ததுலருந்து பேச்சே கொறஞ்சு போச்சு. எப்பவாச்சும் பேசுனா இந்த எஞ்சினப் பத்தித்தான். கையில ஒண்ணு குடுத்தா மனசு கொஞ்சம் தேறுமோன்னு..."

"வேற போட்டோ இருக்கா?"

"இல்ல சார். இது என்கொயரி அப்ப எடுத்தது. அப்பா காப்பி வாங்கி வச்சிருந்தாங்க."

எபனேசர் சார் போட்டோவை என்னிடம் நீட்டினார். எஞ்சின் நம்பரைப் படித்தேன். இரண்டு கண்ணாடியும் பளிச்சென்று இருந்தன. அவற்றைக் கழுவிய வாளி தூரத்தில், படத்தின் ஓரத்தில் தெரிந்தது. டீச்சரின் அப்பா பெயரைக் கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் சார் வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன் என்று எழுதினால் அது பாதிதான். மீதி, சொல்லாமலே இருந்த பழக்கம்.

பித்தளை வேலைக்கே இரண்டு மாதம் ஆனது. செல்லம்மா அக்கா கம்பிகளை முடித்தார். சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் குழாய்கள் தண்டவாளத்துக்கு ஒரு மயிரிழை மேலே நின்றன. நான் போட்டோவைப் பார்த்து முழு எஞ்சினையும் முடித்துவிட்டுக் கண்ணாடிகளை மட்டும் விட்டு வைத்தேன். ஈரம், பசை பிடிக்காது என்றேன். இரண்டு வாரம் போனது.

"வெளிய வெயிலு பொளக்குது" என்றார் செல்லம்மா அக்கா. "என்னா ஈரம்? அந்தக் கண்ணாடியப் பாத்து ஏன் இப்பிடிப் பயப்படுற?"

"பயமெல்லாம் இல்லக்கா."

"இருக்கட்டும். எனக்கென்னா."

அந்த வாரம் டீச்சர் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சவரிமுத்துவை அடையாளம் தெரிந்துகொள்ள எனக்கே ஒரு நிமிஷம் ஆனது. பாதி ஆளாக இருந்தார். போர்வையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். என்னை அவருக்குத் தெரியவில்லை. நான் எஞ்சினை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். எழுந்து அதைச் சுற்றி நடந்து பார்த்தார். அந்த நடை மட்டும் மாறவில்லை.

நான் கேட்டேன். "அய்யா, டிரைவர் பக்கக் கண்ணாடி எப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா அப்படியே போட்டுரலாம்."

அவர் திரும்பப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"போட்டோவுல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க தம்பி. அதான் ரெக்கார்டு."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கறபடி..."

"எனக்கு ஞாபகம் வைப்பர் ஓடலன்னுதான். பல வருசமா அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப எனக்கே தெரியல. அத்தன ஆபீசரு ஓட்டிப் பாத்து ஓடுதுன்னு எழுதியிருக்காங்க. நாந்தான் கண்ணசந்துட்டு, அப்புறம் வைப்பரு மேல போட்டேனோ என்னமோ. ரெண்டு உசுரு தம்பி. ஆண்டவர்கிட்டயும் என்னன்னு சொல்லிக் கேக்கறதுன்னு தெரியல."

டீச்சர் அவர் போர்வையைச் சரி செய்தார். இருவரும் கிளம்பிப் போனார்கள்.

அவருக்கு வேலை போனது எனக்குத் தெரியும். அவர் தன் கண்ணையே நம்பாமல் போயிருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. நான் கழுவியது கண்ணாடியை மட்டுமல்ல என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் கண்ணாடிகளைப் போட்டேன். அசிஸ்டென்ட் பக்கம் சுத்தமான அரைவட்டம். டிரைவர் பக்கம் மூலைக்கு மூலை சகதி. கொடைரோடு மண்ணைக் கொஞ்சம் தடிப்பாகவே கரைத்தேன். பிளேடை அடியில் ஒரு பக்கம் சாய்த்துவைத்து, அதன் மேல்விளிம்பில் சகதி தேங்கி நின்ற தடிப்பையும் போட்டேன். போட்டோவைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

எபனேசர் சார் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். காதோரம் ஆட்டினார். நகத்தால் கம்பிகளை நெருடினார். பிறகு லென்ஸை இடுக்கிக்கொண்டு கண்ணாடிக்கு வந்தார். ஊசி முனை நின்றது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"மழையில, சார். வைப்பர் ஓடல."

"போட்டோவுல இல்லையே."

"போட்டோ எடுக்கறதுக்கு முந்தி அதக் கழுவிட்டாங்க சார்."

"யாரு?"

"நாந்தான்."

அவர் லென்ஸை எடுக்கவில்லை. பக்கத்து மேஜையில் செல்லம்மா அக்காவின் அரம் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். புஸ்தகம் ஆபீஸில் கிடந்தது, வேறு எஞ்சின் வைப்பர், இரண்டு வாளித் தண்ணீர்.

"ஏழு வருஷமா எங்கிட்ட அழுக்கு போடற" என்றார். "ஒவ்வொண்ணுக்கும் காரணம் கேட்டிருக்கேன். நீயும் சொல்லியிருக்க."

"ஆமா சார்."

"இத நான் குடுக்க மாட்டேன். நீயே கொண்டுபோய்க் குடு. குடுத்துட்டு அந்த ரெண்டு வாளியையும் சொல்லு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் குவார்ட்டர்ஸுக்கு நடந்தேன். மத்தியானமே மூடுபனி இறங்கியிருந்தது. சவரிமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எஞ்சினை மேஜைமேல் வைத்தேன். எழுந்து வந்து சக்கரங்களைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், படியைப் பார்த்தார். எஞ்சினின் முகத்துக்கு வந்ததும் குனிந்தார்.

"அய்யா, நான் அப்ப அந்த ஷெட்டுல கிளீனரா இருந்தேன். நீங்க சார்ஜ்மேன்கிட்ட சொன்னத நின்னு கேட்டேன். மறுநாள் வண்டி இப்படித்தான் வந்துச்சு. ஆபீசர் வாரதுக்கு முந்தி நாந்தான் கழுவுனேன். உங்க வைப்பர் ஓடல. அவங்க ஓட்டிப் பாத்தது வேற வண்டி வைப்பரு."

அவர் திரும்பாமலே கேட்டார். "பிளேடு எங்க நின்னுச்சு?"

"அடியில. சாஞ்சு."

"எந்தப் பக்கம் சாஞ்சு?"

"நடுக்கம்பிப் பக்கமா, அய்யா. இதுல இருக்கறாப்புலதான்."

தலையை மெதுவாக ஆட்டினார். "அப்பிடின்னா நான் தலைய வெளிய நீட்டித்தான் ஓட்டிருக்கேன். மழ கண்ணுல அடிச்சிருக்கு. கண்ணசரல." பிறகு என்னைப் பார்த்தார். "ஏலே, அந்தப் பருத்திக் கழிவ காதுல சொருகிட்டுத் திரிவானே, அந்தப் பயலா நீ?"

"ஆமாய்யா."

"அன்னைக்கு ஒனக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது, இருவது."

"வாயி இருந்துச்சுல்ல."

அவர் நாற்காலியை எஞ்சின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "போயிட்டு வா. இனிமே இங்க வராத" என்றார். குரலில் கோபம் இல்லை. வாசல்வரை வந்த டீச்சர் கதவைச் சாத்தினார்.

நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ரயில்வேக்கு அனுப்பினேன். எபனேசர் சார் படித்தார், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. பதில் வரவில்லை. இரண்டாவதாக ஒன்று அனுப்பினேன். அதற்கும் வரவில்லை. இறந்துபோன கேங்மேன்களின் வீடு எங்கே என்று விசாரித்தேன். ஷெட்டில் நான் அறிந்த யாரும் அப்போது இல்லை.

சார் என்னை வெளியே அனுப்பவில்லை. கிளம்பிப் போக எனக்கே பல தடவை கால் பரபரத்தது. போகவில்லை. தங்கியதும் ஒரு தண்டனையாக எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து சவரிமுத்து இறந்தார். அடக்கத்துக்கு நான் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றேன். ஒரு மாதம் கழித்து டீச்சர் பட்டறைக்கு வந்தார். கையில் அந்த எஞ்சின் பெட்டி.

"கண்ணாடி கெட்டுப்போச்சு. பழையபடி போட்டுத் தர முடியுமா?"

மூடியைத் திறந்தேன். டிரைவர் பக்கக் கண்ணாடியில் சகதியின் நடுவே ஒரு சுத்தமான அரைவட்டம். லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். வைப்பர் மாட்டும் இடத்திலிருந்து சரியாகப் பிளேடு நீளத்துக்குத் தொடங்கி, பிளேடு போய் நிற்கும் இடத்தில் நின்றிருந்தது. ஒரு இழை கூடவில்லை, குறையவில்லை. மூலைகளில் சகதி அப்படியே இருந்தது. அந்த வேலையில் எனக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

எபனேசர் சார் வாங்கிப் பார்த்தார். "எங்கேருந்து வந்துச்சு?" என்று என்னிடம்தான் கேட்டார். டீச்சர் பதில் சொன்னார்.

"அப்பா பண்ணாங்க சார். தீக்குச்சிய நாக்குல நனைச்சு, ஒரு மத்தியானம் பூரா உக்காந்து. நான் ஸ்கூல்லருந்து வந்தப்ப முடிச்சிருந்தாங்க. ஏம்ப்பா தொட்டீங்க, தொடக்கூடாதுன்னு சீட்டு இருக்கேன்னேன். மழ பெய்யுதும்மா, அப்படின்னாங்க. அடுத்த வாரந்தான் இறந்தாங்க."

சார் எஞ்சினை என்னிடம் திருப்பித் தந்தார். "ம்" என்றார்.

"இதத் தொட வேண்டாம் டீச்சர்" என்றேன். "இது சரியாத்தான் இருக்கு." பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். டீச்சர் என்னிடம் நேராகப் பேசியதும் நான் அவரிடம் பேசியதும் அது ஒரு தடவைதான்.

மதுரை நண்பர்களே, உங்கள் எஞ்சினை இந்தக் கட்டுரையோடு திருப்பி அனுப்புகிறேன். அடிப்பக்கம் நன்றாக இருக்கிறது. கைப்பிடிகள் ஆடவில்லை. சக்கரப் பட்டையில் துரு இல்லை. கரி கொஞ்சம் கூடுதல், ஆனால் காரணத்தோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் வைப்பர் ஓடியிருக்கிறது. ஒரு டிரைவர் அதற்கு மேல் கேட்க மாட்டார்.